சைக்கிளில் போனவர் கப்பலில் வந்தார்

1886 டிசம்பர் 17. ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் தாமஸ் ஸ்டீவன்ஸ் சைக்கிளை விட்டு இறங்கினார். 1884 ஏப்ரல் 22 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாளாகப் புறப்பட்டவர். மிதித்த தூரம் சுமார் 13,500 மைல். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் ஆள் என்ற பெயர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஊர் போய்ச் சேர இன்னும் பசிபிக் கடல் பாக்கியிருந்தது.

அவர் ஓட்டிய வண்டியை இன்று எளிதில் யாரும் ஓட்டத் துணிய மாட்டார்கள். முன்னால் 50 அங்குலச் சக்கரம், பின்னால் குட்டியாக ஒன்று. செயின் கிடையாது, பெடல் முன்சக்கரத்தோடு சேர்ந்தே இருக்கும். ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ 4 மீட்டர் ஓடும். டயரில் காற்று இல்லை, கெட்டி ரப்பர். ஏறுவதற்குப் பின்சக்கரத்துக்கு மேலே சின்னதாக ஒரு படி. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, அதில் கால் வைத்துத் தாவ வேண்டும். முன்சக்கரம் ஒரு கல்லில் இடறினால் போதும், ஆள் கைப்பிடியைத் தாண்டித் தலைகுப்புற விழுவார். மாற்றுச் சட்டை, காலுறை, கூடாரமாகவும் விரிகிற மழைக்கோட்டு, ஒரு ரிவால்வர். மூட்டை அவ்வளவுதான்.

வழியும் நினைத்தபடி அமையவில்லை. டெஹ்ரானில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக் கிளம்பியவரை ஆப்கானிஸ்தானில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். கான்ஸ்டாண்டினோபிள்வரை பின்வாங்கி, கப்பலேறிக் கராச்சியில் இறங்கினார். லாகூரிலிருந்து கல்கத்தாவரை கிராண்ட் டிரங்க் ரோடு அவருக்கு நன்றாகவே கைகொடுத்தது. மறுபடி கப்பல், பிறகு சீனா, கடைசியாக ஜப்பான்.

யோகோஹாமாவில் 'சிட்டி ஆஃப் பீக்கிங்' கப்பலில் ஏறி, 17 நாளில் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தார். சைக்கிள் சங்கங்கள் தடபுடலாக வரவேற்றன. இரண்டு தடித்த தொகுதிகளாக அவர் எழுதிய பயண நூலில் இந்தத் திரும்பலுக்குக் கிடைத்த இடமோ சில வரிகள்தான். வரவேற்பு விவரமெல்லாம் அன்றைய பத்திரிகைகளில் இருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொள்கிறார். வீடு திரும்புகிறவன் மனசு எப்படி இருந்தது என்று தேடிப்போகிற வாசகருக்கு ஏமாற்றம்தான்.

இந்தச் சுருக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பயணத்தின் பெரும்பகுதியில் அவர் 'அவுட்டிங்' பத்திரிகையின் நிருபர். பத்திரிகைக்கு வேண்டியது சாகசம். கப்பல் தளத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது யாருக்கு வேண்டும்?

அதே பத்திரிகைக்காக 1892-இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார் ஃபிராங்க் லென்ஸ். காற்றடித்த டயர் போட்ட புது மாதிரி சைக்கிள், கூடவே கேமரா. சீனா, இந்தியா, பாரசீகம் எல்லாம் கடந்தாயிற்று. 1894 மே மாதம் துருக்கியின் எர்சுரும் நகரை எட்டும் முன்பே காணாமல் போனார். மறு வருடம் வில்லியம் சாக்ட்லெபன் என்ற இன்னொரு சைக்கிள் பயணியைப் பத்திரிகை தேட அனுப்பியது. லென்ஸ் கொல்லப்பட்டார் என்ற தகவலோடுதான் அவர் திரும்பினார். உடல் கிடைக்கவே இல்லை.

முடிவையே விற்பனைக்கு வைக்கத் தெரிந்தவர் ஆனி லண்டன்டெரி. பாஸ்டனில் வாழ்ந்த, மூன்று குழந்தைகளின் தாய். சொந்தப் பெயர் ஆனி கோப்சோவ்ஸ்கி. லண்டன்டெரி என்பது 100 டாலர் கொடுத்த ஊற்றுநீர்க் கம்பெனியின் பெயர். 1894-இல் சைக்கிளோடு கிளம்பி உலகைச் சுற்றியதில் கப்பலில் போன தூரமே அதிகம் என்று அப்போதே கேலி பேசினார்கள். அதில் உண்மையும் இருந்தது. கடைசிக் கட்டத்தில் ஐயோவா மாநிலத்தில் பன்றிக் கூட்டத்தின் மேல் மோதிக் கையை உடைத்துக்கொண்டார். 1895 செப்டம்பர் 12 அன்று, கட்டுப்போட்ட கையோடு சிகாகோ வந்து பயணத்தை முடித்தார். பிறகு குடும்பத்தோடு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் 'புதுமைப் பெண்' என்ற பெயரில் எழுதத் தொடங்கினார். முதல் கட்டுரையே தன் சைக்கிள் பயணத்தைப் பற்றித்தான்.