தமிழகக் கிராமப் பள்ளிகளில் ஊரார் பங்கு: திண்ணை முதல் மேலாண்மைக் குழு வரை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தம் ஆட்சியர்களிடம் ஒரு கணக்குக் கேட்டார். மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், அவர்கள் எந்தச் சாதியினர், செலவை யார் ஏற்கிறார்கள் என்ற விவரங்கள் வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பு அவற்றைத் தொகுத்துத் தந்தது: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மாகாண மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று அவரே வகுத்துச் சொன்னார். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கம்பெனி அரசின் பணத்தை எதிர்பார்க்காமல் ஊராரின் ஆதரவிலேயே நடந்தன.

காந்தியரான தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களை நூலாக வெளியிட்டபின், ஆங்கிலேயர் வருமுன்பே நம் கிராமங்களில் கல்வி செழித்திருந்தது என்ற வாதம் வலுப்பெற்றது. எண்கள் உண்மைதான். ஆனால் அதே பட்டியலில் சாதி, பால் வாரியான கட்டங்களும் இருக்கின்றன. ஊரார் பள்ளியைத் தாங்கினார்கள் என்று சொல்லும் ஆய்வு, அந்த ஊராரில் யார் யார் அடங்கினார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். தமிழகக் கிராமப் பள்ளிக்கும் சமுதாயத்துக்கும் இடையே இருந்துவந்த உறவை இந்தக் கேள்வியைக் கொண்டே இக்கட்டுரை ஆராய்கிறது.

திண்ணை

திண்ணைப் பள்ளியின் அன்றாடத்தை அறிய உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறு நல்ல சான்று. ஆசிரியரின் வீட்டுத் திண்ணையோ சத்திரமோ கோயில் மண்டபமோ பள்ளியாக இருந்தது. பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பிறகு பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. எண்சுவடி வாய்ப்பாடுகளை ஒருவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தனர். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையவர்களை மேய்த்தான். சென்னையில் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் கண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 'மெட்ராஸ் முறை' என்று பரப்பியது இவ்வகைப் பயிற்றுமுறையைத்தான்.

ஆசிரியருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று உறுதியாக இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று நெல் வரும், காய்கறி வரும், நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடியபடி வீடு வீடாகப் போய் வாங்கிய காசு வரும். விளைந்தால் கூடும், பொய்த்தால் குறையும். ஊரின் கணக்கு, அளவை, ஓலை எழுத்து ஆகியவற்றையே பள்ளி கற்பித்ததால் படிப்பு எதற்கு என்ற கேள்வி எழவில்லை. ஊரும் பள்ளியும் அவ்வளவு ஒட்டியிருந்த காலம் பின்னர் வரவில்லை என்றே சொல்லலாம்.

ஆனால் அந்தத் திண்ணையில் சேரிப் பிள்ளைக்கு இடம் கிடைப்பது அரிது. பெண் குழந்தைகள் விதிவிலக்காகவே இருந்தனர். நிலமும் நெல்லும் உள்ளவர்கள் நடத்திய பள்ளி அவர்களுக்காகவே நடந்தது. கூலி உழைப்பாளியின் வீட்டிலிருந்து ஆசிரியருக்கு நெல் போகவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையும் போகவில்லை.

ஒதுக்கப்பட்டோரின் பள்ளிகள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு மானியமும் ஆய்வாளர் வருகையும் தேர்வும் வந்தன. ஆசிரியரின் பார்வை ஊரைவிட்டு ஆய்வாளரின் பதிவேட்டுக்குத் திரும்பியது. இதே காலத்தில்தான் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கான பள்ளிகளைப் பெறத் தொடங்கினர். 1894இல் பிரம்மஞான சபையின் ஹென்றி ஆல்காட் அடையாறு ஊரூரில் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். விருதுநகரில் நாடார் சமூகத்தார் வணிகத்தில் எடுத்துவைத்த மகமைப் பணத்தாலும், வீட்டுக்கு வீடு சேர்த்த பிடியரிசியாலும் சத்திரிய வித்யாசாலாவை நடத்தினர். அங்கே படித்த சிறுவன் காமராசர். பள்ளிக்கு ஊர் சோறிட முடியும் என்பதை அவர் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை.

1958: சீரமைப்பு மாநாடுகள்

1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைப் பழகலாம் என்று கொண்டுவந்த திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டது. 1954இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். அடுத்த பத்தாண்டுகளில் பள்ளியில்லாத சிற்றூர்களுக்கெல்லாம் தொடக்கப் பள்ளி என்பது கொள்கையாயிற்று. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்துக்காரர். கிராமத்தான் பள்ளியை எப்படிப் பார்க்கிறான் என்பதை உள்ளிருந்து அறிந்தவர்.

1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு முதலில் ஊராரின் கொடையை நம்பியே நடந்தது. பின்னர் அரசு பங்கேற்றபோது ஒரு குழந்தைக்கு ஒருவேளைச் சாப்பாட்டின் செலவு 10 காசு என்று கணக்கிட்டு, 6 காசை அரசும் 4 காசை ஊரும் ஏற்பது என்று வகுத்தனர். அந்த 4 காசு பெரும்பாலும் காசாக வரவில்லை. அரிசியாகவும் கீரையாகவும் விறகாகவும் வந்தது. நிதிநெருக்கடிக்காகச் செய்த ஏற்பாடு என்று இதைச் சுருக்கிவிட முடியாது. நான் கொடுத்த அரிசி என் பிள்ளையோடு மற்றவன் பிள்ளைக்கும் ஒரே பந்தியில் விழுகிறது என்பதே சாதி கெட்டித்த கிராமத்தில் பெரிய மாற்றம். பல ஊர்களில் அதற்கு முணுமுணுப்பு இருந்தது, பந்தி நின்றுவிடவில்லை.

உணவில் கிடைத்த அனுபவத்தைக் கட்டடத்துக்கும் கருவிக்கும் விரித்ததே பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கி மாநிலமெங்கும் பரவியது. செயல்முறை எளிமையானது. தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுவர்: கூரை, சுற்றுச்சுவர், கிணறு, பெஞ்சு, கரும்பலகை, நிலப்படம், கடிகாரம், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் ஏற்பார். வசதியுள்ளவர் மனை எழுதிக் கொடுப்பார். இல்லாதவர் வண்டி மணல் அடிப்பார், வேலைக்கு நிற்பார். பிறகு சுற்றுவட்டாரப் பள்ளிகள் சேர்ந்து மாநாடு கூட்டும். சேர்ந்த பொருள்கள் எல்லாரும் பார்க்க வைக்கப்படும். இயக்குநர் வருவார், முதல்வரே வந்த மாநாடுகள் உண்டு. கொடுத்தவரின் பெயர் மேடையில் ஒலிக்கும்.

இந்த இயக்கத்தின் பலம் பட்டியலில் இருந்தது என்பது என் கருத்து. எது தேவை என்பதைக் கோட்டையில் முடிவுசெய்யாமல், பள்ளி வாசலில் நின்று முடிவுசெய்தார்கள். பலவீனம் மேடையில் இருந்தது. கொடுக்க முடிந்தவர் பேசினார், வாங்குபவர் கைதட்டினார். பள்ளி எப்படி நடக்கிறது, ஆசிரியர் வருகிறாரா, தம் பிள்ளை படிக்கிறதா என்று கேட்க ஒரு கூலிக்காரத் தாய்க்கு அந்த மாநாட்டில் முறையான இடம் எதுவும் இல்லை.

விலகிய காலம்

1960களின் தொடக்கத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் உருவாகி, மாவட்டக் கழகத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. 1981 சூன் முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். சம்பளம் தவறாமல் கிடைத்தது. உள்ளூர் அரசியல்வாதியின் தொல்லை குறைந்தது. ஆசிரியருக்கு இது நியாயமான விடுதலை. ஆனால் பெயர்ப்பலகையில் 'ஊராட்சி ஒன்றிய' என்று இருக்க, ஆசிரியர் பற்றிக் கல்வித்துறை அலுவலகத்துக்கும் ஒழுகும் கூரை பற்றி ஒன்றிய அலுவலகத்துக்கும் தனித்தனியே மனுப் போடும் நிலை வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவை முழு அரசுத் திட்டமாக்கினார். பிள்ளைகளுக்கு இது பெரும் பேறு. ஊரின் 4 காசு மட்டும் தேவையற்றுப்போனது. பெற்றோர் ஆசிரியர் கழகம் இருந்தது, கிராமக் கல்விக் குழுவும் வந்தது. பல ஊர்களில் அவை கையெழுத்து வாங்கும் பதிவேடுகளாகவே நின்றன. பின்னால் ஆங்கிலவழித் தனியார் பள்ளியின் வேன் ஊருக்குள் வந்தபோது, முன்பு நெல் அளந்த வீடுகளின் பிள்ளைகளே முதலில் அதில் ஏறினார்கள்.

உரிமையாக வந்த இடம்

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ற இடம். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும், மானியச் செலவைக் கண்காணிப்பதும் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் பெற்றோர் முன்னிலையில் புதிதாக அமைக்கப்பட்டன. தலைவர் பெற்றோராகவே இருக்க வேண்டும். திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட வீட்டின் தாய் இன்று அந்தக் குழுவில் உட்காரலாம். அந்த இடம் யாரும் போட்ட பிச்சை அல்ல, சட்டம் தந்தது. மன்றோவின் பட்டியலோடு ஒப்பிட்டால் இதுவே இரு நூற்றாண்டுகளின் மிகப் பெரிய மாற்றம்.

குழுக்கள் புதிதாக அமைந்ததற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், பெருந்தொற்றால் பள்ளியை இழந்த பிள்ளைகளுக்கு அந்தந்தத் தெருவிலிருந்தே தன்னார்வலர்களைத் தந்தது. பெரும்பாலோர் பெண்கள். பல கிராமங்களில் கல்விச் சீர் என்ற வழக்கமும் பரவியிருக்கிறது. மேளதாளத்தோடு தாம்பூலத் தட்டு ஏந்திப் பெண்கள் முன்னே நடக்க, பீரோ, நாற்காலி, மின்விசிறி, தண்ணீர் டிரம் எல்லாம் ஊர்வலமாகப் பள்ளிக்கு வருகின்றன. 1958இன் மாநாட்டு உணர்வு அரசாணை எதுவும் இல்லாமலே மீண்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

சீர் கொண்டுவருவதோடு கடமை முடிந்தது என்று ஊர் நினைத்தால் மேடைக் காலத்துக்கே திரும்பிவிடுவோம். கூட்டத்தைக் கூலி வேலை நேரத்தில் வைத்துவிட்டு, வந்தவர்களிடம் எழுதிவைத்த தீர்மானத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நிற்க வேண்டும். குழுவின் தீர்மானத்துக்கு ஒன்றிய அலுவலகமும் கல்வி அலுவலகமும் இத்தனை நாளில் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்ற விதி வேண்டும். அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர் அடுத்த கூட்டத்துக்குப் போய், பள்ளி வளர்ச்சித் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். அது இல்லையென்றால், அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்க வேண்டும்.