கப்பற்சீட்டாக வந்த நிவாரணம்

சிரம்பானிலிருந்து ரந்தாவ், சிலியாவ், லிங்கி வழியே போர்ட்டிக்சன் கடற்கரை வரையிலும், கிழக்கே பாகாவ் வரையிலும் நிரைநிரையாக ரப்பர் நின்ற மலாயாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில், உலகப் பொருளாதார மந்த காலத்துச் சர்க்கார் உதவி என்பது தமிழ்த் தொழிலாளியின் கையில் எண்ணிவைத்த வெள்ளியாக வரவில்லை. பெரும்பாலும் நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ கப்பற்சீட்டாகவே வந்தது.

1925இல் ராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர் 1932இல் பத்துக் காசுக்கும் கீழே சரிந்தது. அந்தச் சரிவின் பாரத்தைச் சீமையிலிருந்த கம்பெனிகள் முதலில் இறக்கிவைத்தது கூலியின் தலையில்தான். ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி 1930இல் 40, 32 ஆயிற்று. பின்னர் அதுவும் நிலைக்கவில்லை. விடியற்காலையில் ஆளெண்ணும் பிரட்டில் தோட்டக் கணக்கரான கிராணி வாசிக்கும் பட்டியலில் தன் பெயர் விட்டுப்போனவன், பால்வாளியோடு லயத்து வீட்டுக்குத் திரும்பி நடக்கவேண்டியதுதான்.

இங்கேதான் குடியேற்ற நிதியின் விசித்திரமான சரித்திரம் குறுக்கிடுகிறது. 1907இல் சட்டமாகி, முதலில் தமிழர் பெயராலும் பிற்பாடு இந்தியர் பெயராலும் வழங்கிய அந்நிதி, வேலைசெய்யும் ஆட்களைக் கணக்கிட்டுத் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த வரியால் நிரம்பியது. ஆள்சேர்க்கும் கங்காணி தன் ஊருக்குப் போய்த் திரட்டிவரும் உறவுமுறையாருக்குக் கப்பற்கட்டணம் செலுத்துவதே அதன் பிரதான காரியம். 1930இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டதும், கொண்டுவரப் பிறந்த நிதியே கொண்டுபோய் விடவும் பயன்பட்டது. நிதியும் சர்க்காரும் சுமந்த அச்செலவில், மூன்றாண்டுகளில் மலாயாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினர். வேலையற்றவனை இங்கு வைத்துச் சோறிடுவதைக் காட்டிலும் ‘ரஜூலா’ போன்றதொரு கப்பலின் மேல்தளத்தில் ஏற்றிவிடுவது மலிவு என்பதை அதிகாரிகள் அறியாதவர்களல்லர். விரும்பிப் போனவர்களும் உண்டு. ஆனால், விற்ற நிலமும் தீராத கடனும் எதிரே காத்திருக்க, சிலருக்கு அது திரும்புதலா, மறுபடி ஒரு குடிபெயர்தலா என்பதை யார் சொல்லக்கூடும்?

தங்கியவர்களுக்கு மண் கொஞ்சம் கைகொடுத்தது. குடும்பஸ்தனுக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு கொடுக்கவேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்திருந்தது. நல்ல காலத்தில் யாரும் பெரிதாக மதியாத அந்தத் துண்டு நிலம், கூலி குறைந்த நாளில் மரவள்ளிக்கும் கீரைக்கும் உரிய இடமாயிற்று.

பெண்வழியே சொத்து இறங்கும் மரபுடைய நெகிரி செம்பிலான் மலாய்க் குடிகளின் கதை வேறு. 1934இல் சர்வதேச ரப்பர்க் கட்டுப்பாடு வந்தபோது சிறுதோட்டக்காரர்களான அவர்களுக்கு ஏற்றுமதிக் கூப்பன்கள் வழங்கப்பட்டன; மரத்தைத் தொடாமலே கூப்பனை விற்றுக் காசாக்கவும் அவர்களுக்கு வழியிருந்தது. ஒதுக்கீடு போதவில்லை என்ற குறை நியாயமானதே எனினும், அந்தச் சலுகை நிலத்தின் பெயரால் வந்தது; தமிழனுக்கோ பெயர்சொல்ல நிலமில்லை.

விலை சற்றே ஏறிய அதே 1934இல், அதே நிதியிலிருந்து மறுபடியும் சீட்டு எழுதலானார்கள்: இம்முறை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு.