சிவப்பாக வந்த ரத்தம்: டாக்டர் மேயரும் ஒரு வார்த்தைக் குழப்பமும்

ஒன்பதாம் வகுப்பு பரீட்சையில் 'விசை'ன்னு எழுத வேண்டிய இடத்துல 'சக்தி'ன்னு எழுதி மார்க்கை விட்டவன் நான். வாத்தியார் சிவப்பு மையில சுழிச்சிருந்தார். அன்னைக்கு எனக்குக் கோபம். இப்பவும் லேசா இருக்கு. யோசிச்சுப் பாருங்க, நாம பேசும்போது 'புவியீர்ப்பு சக்தி'ன்னு சொல்றோம், 'சூரிய சக்தி'ன்னும் சொல்றோம். முதல்ல சொல்றது விசை, அதாவது ஒரு இழுப்பு. ரெண்டாவது ஆற்றல், அதாவது செலவு பண்ணக்கூடிய ஒரு சரக்கு. ரெண்டுக்கும் ஒரே வார்த்தை.

இதே குழப்பம் 1840-களில் ஜெர்மன் மொழியிலும் இருந்தது. அங்கே அந்த வார்த்தை 'கிராஃப்ட்'. விசைக்கும் அதுதான், ஆற்றலுக்கும் அதுதான். அந்த வார்த்தையோட மல்லுக்கட்டின ஒரு டாக்டரைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன். கதையில கொஞ்சம் கனமான பகுதி வரும், தற்கொலை முயற்சி பத்தின பேச்சும் இருக்கு. முன்னாடியே சொல்லிடறேன்.

அவர் பேர் யூலியஸ் ராபர்ட் மேயர். ஹைல்பிரான் என்ற ஊர்ல 1814-ல் பிறந்தவர். அப்பா மருந்துக்கடைக்காரர். மேயர் இயற்பியலாளர் கிடையாது, மருத்துவம் படிச்சவர். உலகம் பார்க்கணும்னு ஆசை. 1840 பிப்ரவரியில் ராட்டர்டாமில் இருந்து ஒரு டச்சுக் கப்பல்ல டாக்டரா ஏறினார். கப்பலோட பேரே 'ஜாவா', போற இடமும் ஜாவா தீவுதான்.

அந்தக் காலத்துல காய்ச்சல்னா கையில கீறி ரத்தம் வடிப்பாங்க. சிரையில இருந்துதான் எடுக்கணும். சிரை ரத்தம் கருஞ்சிவப்பா இருக்கும், ஏன்னா உடம்பு அதுல இருந்த ஆக்சிஜன்ல ஒரு பகுதியைப் பயன்படுத்தியிருக்கும். ஜாவா வந்து சேர்ந்ததும் மாலுமிகளுக்கு மேயர் ரத்தம் எடுத்தார். பளீர்னு சிவப்பா வந்தது. தமனியை வெட்டிட்டோமோன்னு பதறிப் போனார். அங்கேயே இருந்த டாக்டர்கள், 'வெப்ப நாடுகள்ல இப்படித்தான் இருக்கும்'னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு அது தினமும் பார்க்கிற விஷயம்.

மேயரால அதை அப்படி விட முடியல. உடம்புச் சூடு எங்கே இருந்து வருது? சாப்பாடு ஆக்சிஜனோட சேர்ந்து மெதுவா எரியறதாலன்னு லவாய்சியே ஏற்கெனவே சொல்லியிருந்தார். வெயில் ஊர்ல உடம்பு அதிகம் எரிக்க வேண்டியதில்லை. அதனால ஆக்சிஜன் மிச்சம், ரத்தம் சிவப்பு. இதுவரைக்கும் மருத்துவம். (இந்த நிறக் கணக்கு அப்படி ஒண்ணும் அசைக்க முடியாத ஆதாரம் இல்லை, அது வேற விஷயம்.) அடுத்து அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். கயிறு இழுக்கிற மாலுமியும் அதே சாப்பாட்டைத்தான் எரிக்கிறான். அவன் உடம்பும் சூடாகுது, வேலையும் நடக்குது. வரவு ஒண்ணு, செலவு ரெண்டு. கணக்கு நேராகணும்னா, வெப்பமும் வேலையும் ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கிற நாணயமா இருக்கணும். மாத்துற விகிதம் எப்பவும் ஒண்ணா இருக்கணும்.

1841-ல் ஊருக்குத் திரும்பினதும் எழுத உட்கார்ந்தார். ஜூன் மாசம், போகென்டார்ஃப் நடத்தின பெரிய இயற்பியல் இதழுக்குக் கட்டுரையை அனுப்பினார். பதில் இல்லை. நினைவூட்டி எழுதினார், கட்டுரையைத் திருப்பியாவது அனுப்புங்கன்னு கேட்டார். அதுக்கும் பதில் இல்லை.

இதழாசிரியரை வில்லனாக்கிடலாம், ஆனா கட்டுரையில பெரிய தப்பு இருந்தது. ஓடுற பொருளோட 'கிராஃப்ட்'டை மேயர் நிறை பெருக்கல் வேகம்னு கணக்குப் போட்டிருந்தார். அது உந்தம். ஆற்றலுக்கு வேகத்தை வேகத்தாலேயே பெருக்கணும். இருபதுல போற பைக்கையும் நாற்பதுல போற பைக்கையும் ஒரே மாதிரி பிரேக் பிடிச்சு நிறுத்திப் பாருங்க. வேகம் ரெண்டு மடங்குதான், ஆனா நிக்கிறதுக்கு நாலு மடங்கு தூரம் ஆகும். அந்த நாலு மடங்குதான் ஆற்றல். இதை நண்பர்கள் சொல்லித்தான் மேயர் திருத்திக்கிட்டார்.

1842-ல் லீபிக் நடத்தின வேதியியல் இதழ்ல அவரோட சின்னக் கட்டுரை ஒண்ணு வந்தது. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு இடம் இருக்கு. புவியீர்ப்பு 'கிராஃப்ட்' இல்லை, அது பொருளோட ஒரு தன்மைங்கிறார். பரண் மேல வெச்ச கல்லை நினைச்சுக்கோங்க. பூமி அதை ராத்திரி பகலா இழுத்துக்கிட்டே இருக்கு, அந்த இழுப்பு தேய்ஞ்சு போறதே இல்லை. கல் விழும்போது செலவாகிறது அந்த உயரம்தான். விசையும் ஆற்றலும் பிரியற இடம் இதுதான். கையில சரியான வார்த்தையே இல்லாம, இருக்கிற ஒரே வார்த்தையை ஒண்ணுல இருந்து பிடுங்கி இன்னொண்ணுக்குக் கொடுக்கப் பார்த்தார் மனுஷன்.

மாத்து விகிதத்தையும் அதே கட்டுரையில சொன்னார். ஒரு எடை சுமார் 365 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா, அதே எடை தண்ணி ஒரு டிகிரி சூடாகும். ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாம, வாயுக்களைப் பத்தி அப்போ கிடைச்ச எண்களை வெச்சே போட்ட கணக்கு இது. சரியான விடை கிட்டத்தட்ட 427 மீட்டர். ஈபிள் கோபுரத்தை விட உயரமான இடத்துல இருந்து விழுந்தாலும் ஒரே ஒரு டிகிரி. யாரும் இதைக் கவனிக்காம இருந்ததுல ஆச்சரியம் இல்லை.

அதே நேரத்துல, இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம் ஜேம்ஸ் ஜூல் என்ற பீர் ஆலைக்காரர் மகன், எடையை விழவிட்டு, அதால ஒரு துடுப்பைச் சுத்தவிட்டு, தண்ணியைக் கலக்கி, எவ்வளவு சூடாகுதுன்னு அளந்துக்கிட்டிருந்தார். வருஷக்கணக்கா. 1840-களின் கடைசியில ரெண்டு பேருக்கும் யார் முதல்னு சண்டை வந்தது. மேயர் சொன்னார், ஆனா சோதனை செய்து நிரூபிக்கலைங்கிறது ஜூலோட வாதம். எனக்கு அதுல பாதி நியாயம் தெரியுது. அளக்கிறதும் ஒரு கண்டுபிடிப்புதான்.

மேயருக்கு அது மோசமான காலம். 1848-ல் அடுத்தடுத்து ரெண்டு குழந்தைகள் இறந்தாங்க. அடுத்த வருஷம் ஒரு பத்திரிகையில அவரோட ஆராய்ச்சியைக் கேவலப்படுத்தி ஒரு கட்டுரை வந்தது. அதுக்கு அவர் சொன்ன பதில் எங்கேயும் எடுபடலை. 1850 மே மாசம் உயிரை மாய்ச்சுக்கப் பார்த்தார். பலத்த காயத்தோட பிழைச்சார். அப்புறம் மனநல விடுதிகள். அங்கே அவரைக் கட்டிப்போட்டு நடத்தினாங்க. பெரிய ஆள்னு நினைச்சுக்கிற பிரமைன்னு அவரோட கண்டுபிடிப்பையே நோய்க்கணக்குல சேர்த்தாங்க. எனக்கு இந்தக் கதையில ஜீரணமாகாத இடம் இதுதான், ஏன்னா அவர் சொன்னது சரி.

1853-ல் வெளியே வந்து அமைதியா வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சார். இறந்துட்டார்னு கூட அச்சுல வந்தது, உயிரோட இருக்கும்போதே. 1862-ல் லண்டன்ல ஜான் டிண்டல் ஒரு பேச்சுல மேயர் பேரைத் தூக்கிப் பிடிச்சார். ஜூல் பக்கத்து ஆட்கள் கொதிச்சாங்க. ராயல் சொசைட்டி 1870-ல் ஜூலுக்கும் 1871-ல் மேயருக்கும் காப்லி பதக்கம் கொடுத்தது.

வார்த்தைக் குழப்பமும் மெல்லத் தீர்ந்தது. 'எனர்ஜி' என்ற சொல்லை தாமஸ் யங் 1807-லேயே அச்சுல பயன்படுத்தியிருந்தார். ஆனா 1850-களில் தாம்சனும் ராங்கினும் கையில எடுத்த பிறகுதான் அது புழக்கத்துக்கு வந்தது. 1847-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதின புகழ்பெற்ற நூலோட தலைப்புல கூட 'கிராஃப்ட்'தான் இருக்கு. அவரும் டாக்டர்தான். அதையும் போகென்டார்ஃப் இதழ்ல போட மறுத்துட்டாங்க.

1877-ல் போகென்டார்ஃப் காலமானார். அவரோட காகிதங்களுக்கு நடுவுல 1841-ல் மேயர் அனுப்பின கட்டுரை கிடைச்சது. அந்த நிறை பெருக்கல் வேகம், அந்தத் தப்பு, அப்படியே இருந்தது. அடுத்த வருஷம் மார்ச் மாசம், ஹைல்பிரானில், மேயர் போய்ச் சேர்ந்தார்.