நமக்கு மட்டும் ஏன் முந்தி வருகிறது மாரடைப்பு?

ஐம்பதைத் தொட்ட ஒருவர் திடீரென மாரடைப்பில் மவுத்தானால் ஜனாஸாவுக்கு வந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்." அடுத்து, "அவங்க அத்தாவுக்கும் இதே மாதிரிதான், பரம்பரை வாகு" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இது எவ்வளவு தூரம் சரி என்று சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. பெயர் 'இன்டர்ஹார்ட்'. தலைமை தாங்கியவர் பக்கத்து மாநிலமான கேரளத்தில் பிறந்து, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான டாக்டர் சலீம் யூசுப். 52 நாடுகளில் முதல் முறை மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், வராத ஏறக்குறைய அதே எண்ணிக்கையினரையும் ஒப்பிட்டார்கள். 2004இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. மாரடைப்பு அபாயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒன்பதே காரணங்களுக்குள் அடங்கிவிட்டது. புகை, ரத்தத்தில் கெட்ட கொழுப்பின் விகிதம், ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல் ஆகியவை அபாயத்தைக் கூட்டின. காய்கறி, பழம், உடலுழைப்பு ஆகியவை குறைத்தன. ஒன்பதாவது மது. அளவாகக் குடிப்பது இதயத்துக்கு நல்லது என்று அந்தப் பட்டியலை வைத்துச் சிலர் வாதாடினார்கள். தெற்காசியர்களைத் தனியாகப் பார்த்தபோது அந்த நன்மை தென்படவில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது.

நம்மவர்களுக்கு முக்கியமானது 2007இல் வந்த இரண்டாவது கட்டுரை. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம் ஆகிய ஐந்து நாட்டவர்களைப் பற்றியது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது மற்ற நாடுகளில் 58.8, நம்மிடம் 53. ஏறக்குறைய ஆறு வருடம் முந்துகிறது. பிள்ளைகளின் படிப்பும் நிக்காஹ்வும் பாக்கி இருக்கும் வயது அது. ஆனால் அந்த ஒன்பது காரணங்களையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, இளம் வயதில் வரும் வாய்ப்பு நமக்கும் மற்றவர்களுக்கும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் வயதை முந்த வைப்பது பெரும்பாலும் அளந்து பார்க்கக்கூடிய, மாற்றக்கூடிய விஷயங்கள்.

"நான் சிகரெட் தொடுவதில்லை, பீடி மட்டும்தான்" என்பவர்கள் இதே ஆய்வின் 2006ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கவனிக்க வேண்டும். பீடி பிடிப்பவர்களுக்கு மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு, அதாவது சிகரெட் அளவுக்கே. புகையிலையை மெல்லுகிறவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். வெற்றிலையோடு புகையிலை போடும் நம் வீட்டுப் பெரியம்மாக்களுக்கும் இது பொருந்தும்.

எடையைவிட இடுப்பு முக்கியம் என்பதும் இந்த ஆய்வு காட்டியதுதான். ஒல்லியான கைகாலோடு தொப்பை மட்டும் வைத்திருப்பவர் எடை சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. இந்தியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. என்பது எல்லை. தையல்காரரின் டேப் போதும். வேங்கிக்காலில் நாளெல்லாம் கல்லாவிலோ ஆபீஸ் நாற்காலியிலோ உட்கார்ந்து, ராத்திரி பரோட்டாவோடு படுக்கிறவர் முப்பது வயதிலேயே இதை அளந்து, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிடுவது நல்லது. நடக்க இடமில்லை என்று திருவண்ணாமலைக்காரர்கள் சொல்லவே முடியாது; மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் பாதை கிடக்கிறது.

இவையெல்லாம் சேர்ந்து செய்வது என்ன? இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கிறது. காயம் பட்ட இடம் என்று நினைத்து ரத்தம் அங்கே உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. சலீம் யூசுப்புக்கும் பங்கிருந்த 'ஐசிஸ்-2' என்ற 1988ஆம் ஆண்டு ஆய்வில், மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரினும் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சேர்த்துக் கொடுத்தபோது, ஐந்து வாரங்களுக்குள் நேரும் மரணம் 42 சதவீதம் குறைந்தது. எவ்வளவு சீக்கிரம் கொடுத்தார்களோ அவ்வளவு பலன். நெஞ்சு அழுத்தத்தை 'வாயு' என்று சோடா குடித்துத் தள்ளிப்போடும் நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி தெளிவாக இல்லாமல் மூச்சுத்திணறல், வியர்வை, வாந்தி என்று மட்டும் வரலாம். உடனே 108ஐ அழையுங்கள். 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைக்கப்பட்டுள்ளன.

காலில் உறையும் ரத்தக்கட்டி வேறு வகை. அது சிரையில் உருவாகி நுரையீரலுக்குப் போய் அடைக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த அபாயம் சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. ஆரோக்கியமானவர்களுக்கு அப்போதும் அது ஆறாயிரத்தில் ஒருவர் அளவுதான், பயப்பட வேண்டாம். ஆனால் உம்ரா போகும் வயதானவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடக்கலாம், கெண்டைக்காலை அசைக்கலாம். திரும்பி வந்தபின் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் எண்ணெய் போட்டு உருவாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரமளானில் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் போனால், பெரும்பாலும் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப நேரத்தை மாற்றிக் கொடுப்பார். நோயில்லாதவர்கள் முன்னெச்சரிக்கை என்று தினம் ஆஸ்பிரின் போடுவதும் வேண்டாம். வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து உண்டு.