சாறி எப்ப கந்தோருக்கு வந்தது?

கந்தோர் எண்ட சொல்லை எங்களிட்ட விட்டுட்டுப் போனவை ஒல்லாந்தர். சப்பாத்து போர்த்துக்கேயரிட்ட இருந்து வந்தது. லோங்ஸும் சேட்டும் ஆங்கிலேயரோட வந்ததுகள். இவ்வளவையும் கேள்வி கேட்காமல் உள்ளே விட்ட எங்கட அரச அலுவலகங்கள், பெண்கள் வாசலுக்கு வரும்போது மட்டும் பாரம்பரியத்தைக் கேட்கின்றன. அந்தப் பாரம்பரியத்துக்கு என்ன வயது எண்டு ஒருக்காப் பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரையோரச் சிங்களப் பெண்கள் பலர் உடுத்தது இடுப்புத் துணியும் மேற்சட்டையும். வசதியான வீடுகளில் ஐரோப்பிய கவுண். அதை விட்டுச் சேலைக்கு மாறச் சொன்னவர்களில் முக்கியமானவர் அநகாரிக தர்மபால. 1905இல் தொடங்கிய இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவர் ஆனந்த குமாரசுவாமியும் ஐரோப்பிய உடை மோகத்துக்கு எதிராக எழுதினார். கண்டிப் பெண்களின் ஒசரி தேசத்தின் உடையாக உயர்ந்தது இந்தக் காலத்தில்தான்.

தமிழரிடம் சேலை பழையதுதானே எண்டு கேட்கலாம். உண்மைதான். ஆனால் பிளவுசும் உள்பாவாடையும் போட்டு, கொசுவம் வைத்து, தோளில் முந்தானை குத்துகிற இன்றைய கந்தோர்ச் சாறி வேறு. வங்காளத்தில் தாகூர் குடும்பத்து ஞானதானந்தினி தேவி, பம்பாய்ப் பார்சிப் பெண்களைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய உடுத்தும் முறைக்கு அதில் பெரிய பங்குண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வருவதற்காகவே அது அப்படி மாறியது.

ஆண்களுக்கும் ஒரு தேசிய உடை இருந்தது. 1956இல் பண்டாரநாயக்கவின் ஆட்சி அதை அணிந்துகொண்டுதான் பதவிக்கு வந்தது. ஆனால் கந்தோருக்குப் போற ஆண்கள் லோங்ஸிலேயே இருந்திட்டினம். அதால பண்பாடு கெட்டுப்போச்சு எண்டு ஆரும் சுற்றுநிருபம் அனுப்பேல்ல.

பெண்களுக்கு வந்தது. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, முகத்தை மூடுவது அவசரகால விதிகளின் கீழ் ஏற்கெனவே தடை செய்யப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் மே மாத இறுதியில் பொது நிர்வாக அமைச்சு, பெண் ஊழியர்கள் சாறி அல்லது ஒசரி அணிய வேண்டும் என்றது. முகம் தெரிய அபாயா உடுத்து வேலைக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம் பெண்களையே அது நேரடியாகத் தாக்கியது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் திருத்தினார்கள். பாதுகாப்பு எண்ட பெயரில் அங்கே அளக்கப்பட்டது ஆர் இந்த நாட்டுக்காரி என்பதுதான்.

பிறகு 2022. எரிபொருள் இல்லாமல் ஜூனில் அரச அலுவலகங்கள் முடங்கின, வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த மாதத்தில், பொருத்தமான வேறு உடையிலும் வரலாம் எண்டு சலுகை வந்தது. நவம்பரில் சில ஆசிரியைகள் சாறி இல்லாமல் பாடசாலைக்குப் போனதும் நாடே கொந்தளித்தது. ஆண்டு முடிய முன்னமே அந்தச் சலுகையை வாங்கிவிட்டார்கள். விலைகள் பழைய நிலைக்கு இறங்கியிருக்கவில்லை.

சாறி வடிவான உடுப்பு. விரும்பி உடுப்பவர்களோடு எங்களுக்கு ஒரு பிரச்சினையுமில்லை. ஆனால் பிளவுசுத் துணி, தையல்கூலி, உள்பாவாடை எல்லாம் அவளின்ர சம்பளத்தில்தான். நெரிசல் பஸ்ஸில் மிதிபடுறதும், ஸ்கூட்டிச் சில்லில் முந்தானை சிக்காமல் பார்க்கிறதும் அவள்தான். நூறு வருசத்துக்கு முன் ஒரு சீர்திருத்தமாக வந்த உடை இன்று கட்டளையாக நிற்கிறது. சீர்திருத்தம் அன்று நடக்கலாமெண்டால் இன்று ஏன் நடக்கக்கூடாது? சுத்தமான, வேலைக்கு ஏற்ற உடை எண்ட ஒரே வரி ஆணுக்கும் பெண்ணுக்கும் போதும். 2022இல் சில வாரங்களுக்கு அந்த வரியோடுதான் கந்தோர்கள் நடந்தன.