திருப்பி உதைக்கும் பிரேக்: காரின் வசதிகளைத் தமிழில் கற்ற கதை

சென்ற ஆண்டு இடவப்பாதி மழையில் நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வரும் சாலை. பெரியப்பா ஓட்டுகிறார், நான் அருகில் அமர்ந்திருக்கிறேன். அக்கா வாங்கித் தந்த புதிய கார், வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. சந்திலிருந்து ஒரு கைவண்டி திடீரெனக் குறுக்கே வந்தது. பெரியப்பா பிரேக்கை ஓங்கி மிதித்தார். காலடியில் கடகடவென ஒரு சத்தம், பெடல் துடித்தது. அடுத்த கணம் அவர் காலை எடுத்துவிட்டார். ஈரச் சாலையில் வண்டி மேலும் நகர்ந்து, மீண்டும் மிதித்தபின், கைவண்டிக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

"பிரேக்கு காலைத் திருப்பி உதைக்குதும்மா. வண்டில ஏதோ கோளாறு" என்றார்.

கோளாறு எதுவும் இல்லை. வண்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது என்பதற்கான அடையாளமே அந்த உதைப்பு. நாற்பது ஆண்டு டாக்சி ஓட்டிய ஒருவர் அதை எச்சரிக்கையாகப் புரிந்துகொண்டு காலை எடுத்தார். அவர் கற்றிருந்த பாடத்தின்படி அவர் செய்ததும் சரிதான். வீடு வந்ததும் உறைப்பெட்டிக்குள் இருந்த கையேட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். முழுவதும் ஆங்கிலம். "நீ மொழி படிச்சவதானே, இதுல என்ன சொல்லியிருக்குன்னு தமிழ்ல சொல்லு." மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றிருந்தும், அப்போது என்னால் ஒரு நல்ல வாக்கியம் சொல்ல முடியவில்லை. இந்தப் பதிவு அந்தத் தடுமாற்றத்தின் விளைவு.

முதலில் 'உதைப்பு' என்ற சொல்லின் பழைய பொருளைப் பார்ப்போம். தொடக்ககாலக் கார்களில் இயந்திரத்தை உயிர்ப்பிக்க, முன்புறம் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். நம் ஊர்களில் அதற்கு 'ஹேண்டில் போடுவது' என்று பெயர். தீப்பொறி உரிய கணத்திற்கு முன்பே விழுந்தால் இயந்திரம் எதிர்த்திசையில் சுழலும். கைப்பிடி பின்னோக்கி அடிக்கும். மணிக்கட்டு எலும்பு முறிவதற்கு அது போதும். ஆகவே கட்டைவிரலைப் பிடிக்குள் மடக்காமல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், கீழ்நோக்கி அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும், உதைத்தால் கையை விட்டுவிட வேண்டும் என்பவை ஓட்டுநர் கற்ற முதல் பாடங்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் துவக்கி 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. ஆனால் நம் அம்பாசடர் அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் மாற்று வழியாக ஹேண்டிலைச் சுமந்துகொண்டுதான் ஓடியது. பேட்டரி இறங்கிய காலைகளில் பெரியப்பாவின் கையும் அந்த உதையைக் கண்டிருக்கிறது. 'வண்டி உதைத்தால் விலகு' என்பது அவர் உடலில் எழுதப்பட்ட விதி.

புதிய காரின் வசதிகளைக் கற்பது புதுப்பாடம் படிப்பது மட்டுமன்று. உடல் மனப்பாடம் செய்த பழைய பாடம் ஒன்றை மறப்பதும் ஆகும். காரின் வரலாறு முழுவதும் இது திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது.

ஃபோர்டின் டி மாடலை (1908–1927) எடுத்துக்கொள்வோம். அதிலும் மூன்று பெடல்கள்தாம். ஆனால் இன்றைய ஓட்டுநர் அதில் ஏறினால் பத்தடி நகர்வதற்குள் விபத்து நேரும். இடப் பெடலை முழுதும் மிதித்தால் கீழ்க்கியர், பாதி மிதித்தால் நடுநிலை, விட்டுவிட்டால் மேல்கியர். நடுப் பெடல் பின்னோக்கிச் செல்வதற்கு. வலப் பெடல் பிரேக். எரிபொருளைக் கூட்டுவதும் தீப்பொறியின் நேரத்தை மாற்றுவதும் ஸ்டியரிங்கின் கீழிருந்த இரு நெம்புகோல்களின் வேலை. இன்று நாம் இயல்பென எண்ணும் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்னும் வரிசை 1916இன் காடிலாக்கிலும் பின்னர் 1922இன் ஆஸ்டின் செவனிலும் அமைந்து மெல்லப் பரவியதே. எந்தக் கால் எதை மிதிக்க வேண்டும் என்பதே ஒருகாலத்தில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டது.

தமிழ்நிலத்திற்குக் கார் புதிதாக இருந்த காலத்தில் இவற்றையெல்லாம் யார் கற்பித்தார்கள்? சென்னையில் சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தம் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். 1920இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். பட்டறையும் பேருந்துக் கொட்டகையும் அந்நாளின் பள்ளிகளாயின. கிளீனராகச் சேர்ந்தவர் தண்ணீர் ஊற்றி, சக்கரம் கழற்றி, ஹேண்டில் சுற்றி, பின் ஓட்டுநரானார். கையேட்டின் இடத்தில் மேஸ்திரியின் வாய்மொழி இருந்தது.

அந்த வாய்மொழியின் இலக்கணம் ஆராயத் தக்கது. பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் கடன் வந்தவை. அவற்றுள் சில, பிறந்த ஊரில் வழக்கொழிந்தும் இங்கே உயிரோடு இருக்கின்றன. மாற்றுச் சக்கரத்தை நாம் 'ஸ்டெப்னி' என்கிறோம். வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் 1904இல் பிறந்த மாற்றுச் சக்கரத் தொழிலின் வணிகப்பெயர் அது. 'டிக்கி' என்பது பழைய கார்களின் பின்புறம் மடக்கித் திறக்கும் இருக்கையின் பெயர். இருக்கை போய், பெட்டி வைக்கும் இடத்திற்குப் பெயர் மட்டும் நின்றது. ஆனால் வினைச்சொற்களைப் பாருங்கள்: பிரேக் பிடி, கியர் போடு, ஹாரன் அடி, சோக் இழு, கிளட்சை விடு, ஆக்சிலேட்டரை மிதி, ரிவர்ஸ் எடு. பொருளைக் கடன் வாங்கினோம். செயலை நம்முடையதாகவே வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வினையும் எந்த உறுப்பு, எவ்வகை அசைவு என்பதைச் சொல்லிவிடுகிறது. 'சோக் இழு' என்று கேட்டவனுக்கு அந்தக் குமிழைத் திருகுவதா, அழுத்துவதா என்ற ஐயம் எழாது.

மட்டாஞ்சேரியில் இது இன்னும் சுவையானது. இங்கே தலைமுறைகளாகத் தமிழர் பலர் வாழ்கிறோம். சரக்குக் கிடங்குகளிலும் சலவைத் துறையிலும் கடைகளிலும் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். மலையாளத்தில் ஸ்டியரிங்குக்கு 'வளையம்' என்ற பெயருண்டு. வளையம் பிடிப்பவர் என்றால் ஓட்டுநர். பிரேக்கை மிதிப்பதற்கு அவர்கள் ஆளும் வினை, நம் 'சவட்டு' என்பதன் உறவு. குமரித் தமிழில் அது இன்றும் வழங்குகிறது. இங்குள்ள தமிழ் ஓட்டுநர் ஒரே வாக்கியத்தில் 'மிதி'யையும் 'சவிட்டு'வையும் கலந்து பேசுவது பிழையன்று. இரு மொழிகளும் காலின் வேலையைக் காலின் சொல்லாலேயே சொல்கின்றன.

இனி மாற்றத்தைக் கவனிப்போம். அம்பாசடரின் கியர்த்தண்டு நெடுங்காலம் ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே இருந்தது; முகப்பு விளக்கைத் தாழ்த்தும் பொத்தான் இடக்காலடியில் இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, அம்பாசடரிலும் பியட்டிலும் பழகிய கைகள் கியரைத் தரையில் தேடக் கற்றன. விளக்கைத் தாழ்த்தும் வேலை காலிலிருந்து விரலுக்கு ஏறியது. 2000ஐ ஒட்டி கார்புரேட்டர் விலகி, மின்னணு எரிபொருள் செலுத்தம் பரவியது. சோக் குமிழ் மறைந்தது. அதனோடு 'இழு' என்ற வினைக்கும் வேலை போனது. ஆயினும் பல பெரியவர்கள் இன்றும் சாவியைத் திருப்புமுன் ஆக்சிலேட்டரை இருமுறை மிதிக்கிறார்கள். கேட்க அங்கே கார்புரேட்டர் இல்லை. கால் மட்டும் பழைய உரையாடலைத் தொடர்கிறது.

இது பாதகமற்ற பழக்கம். எல்லாப் பழக்கமும் அப்படியன்று. 2014க்குப் பின் விலை குறைந்த தானியங்கிக் கியர்க் கார்கள் நம் சந்தையில் பெருகின. கிளட்சைத் தேடிப் பழகிய இடக்கால் வேகமாக இறங்கினால் அகன்ற பிரேக் பெடலின் மேல் விழும். வண்டி நடுச்சாலையில் சட்டென நிற்கும். பிரேக்கை விட்டாலே பல தானியங்கிக் கார்கள் மெல்ல ஊரத் தொடங்கும் என்பதும் புதிய பாடம். கால் எடுத்தால் சமதரையில் வண்டி நிற்கும் என்று நம்பியவருக்கு அது ஆபத்து.

2019இல் நம் நாட்டில் பாடங்கள் மொத்தமாக வந்தன. ஏப்ரல் முதல் புதிய கார்களில் சக்கரப் பூட்டுத் தடுப்பு கட்டாயமாயிற்று; இதையே ஏ.பி.எஸ். என்கிறோம். ஜூலை முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பை, பெல்ட் நினைவூட்டல், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கை, பின்னோக்கி எடுக்கும்போது தடையை உணர்த்தும் கருவி ஆகியவை சேர்ந்தன. இவற்றில் சில, ஊரின் வடிவத்தோடு முட்டிக்கொள்கின்றன. ஒருபுறம் கிடங்கும் மறுபுறம் காயலும் நெருக்கும் பஜார் ரோட்டில் சரக்கு முதலில் படகில்தான் வந்தது. சாலை அதற்கேற்ற அகலமே உடையது. அங்கே கைவண்டிக்கும் மிளகு மூட்டைக்கும் ஆட்டுக்கும் சேர்த்து அந்தக் கருவி ஓயாமல் அலறும். ஓயாத அலறலைக் காது கேட்காமலிருக்கப் பழகிவிடும்; உண்மையான ஆபத்தில் ஒலிப்பதும் அதே அலறல்தான்.

பிரேக்குக்குத் திரும்புவோம். சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி வழுக்கும். வழுக்கும் வண்டி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. எனவே பழைய ஓட்டுநர்கள் விட்டு விட்டு மிதிக்கக் கற்றார்கள். 'பம்ப் அடி' என்று அதற்குப் பெயர். அம்பாசடர்க் காலத்தில் அது உயிர்காத்த கலை. 1978இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் சந்தைக்குக் கொண்டுவந்த மின்னணு ஏ.பி.எஸ். அதே கலையைச் செய்கிறது. ஒரு நொடியில் பலமுறை, எந்தக் காலாலும் இயலாத வேகத்தில். அது அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுக்கும்போது எழும் அதிர்வே பெடலில் உதைப்பாக வருகிறது. ஓட்டுநர் செய்ய வேண்டியது ஒன்றே: காலை எடுக்காமல் முழுதாக மிதித்தபடி, தடையிலிருந்து விலகத் திருப்புவது. தளர்ந்த மணலிலும் சரளையிலும் நிற்கும் தூரம் சற்றுக் கூடலாம். ஆனால் திருப்பும் ஆற்றல் கையில் இருக்கும். பெரியப்பா தாமே பம்ப் அடித்தபோது, தம்மைவிட வேகமாகப் பம்ப் அடித்த கருவியின் வேலையை நிறுத்திவிட்டார்.

இங்கேதான் மொழியின் சிக்கல் இருக்கிறது. புதிய வசதிகளை நாம் எப்படிப் பேசுகிறோம்? ஆன் பண்ணு, செட் பண்ணு, கனெக்ட் பண்ணு, டிஸேபிள் பண்ணு. 'ஸ்டார்ட் பண்ணு' முன்பே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அன்று அது பலவற்றுள் ஒன்று. இன்று அதுவே பொதுவிதி. இப்போது செயலையே கடன் வாங்குகிறோம். 'பண்ணு' எல்லாவற்றிற்கும் பொருந்துவதால், கை என்ன செய்ய வேண்டும், கால் எப்போது விட வேண்டும் என்று எதையும் சொல்வதில்லை.

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் நம் துறையினரும் இதில் பங்காளிகள். மகிழுந்து, சீருந்து, முடுக்கி எனப் பெயர்ச்சொற்களை ஆக்குவதில் பல பத்தாண்டு உழைப்பு சென்றிருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஏ.பி.எஸ்ஸுக்கு எவ்வளவு அழகிய பெயர் சூட்டியிருந்தாலும், அந்த மழைநாளில் பெரியப்பாவின் கால் பெடலைவிட்டு எழுந்தே இருக்கும். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வாக்கியம்.

அதை எழுத முயன்றேன். முதல் வரைவு இது: "அவசரகால நிறுத்தத்தின்போது தடைமிதி அதிர்வுறுதல் இயல்பு; தொடர்ந்து அழுத்தவும்." படித்துவிட்டுப் பெரியப்பா சிரித்தார். "இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள முட்டிடும்மா." பேனாவை வாங்கி, தாளின் பின்புறம் அவரே எழுதினார்: "உதைக்கும். விடாதே. மிதிச்சுப் பிடி, வளையத்தைத் திருப்பு."

நான்கு வினைகள். வளையம் மலையாளம், மிதி தமிழ். அந்தத் தாள் இப்போது காரின் உறைப்பெட்டியில் ஆங்கிலக் கையேட்டின் மேல் கிடக்கிறது. மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு காலை, ஆளில்லாத திடலின் ஈரத்தரையில் அவர் மூன்று முறை வேண்டுமென்றே பிரேக்கை ஓங்கி மிதித்துப் பார்த்தார். முதல் முறை கால் பாதி எழுந்தது. மூன்றாம் முறை எழவில்லை.

ஆய்வு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பட்டறைகளிலும் டாக்சி நிறுத்தங்களிலும் இந்த உதைப்பை என்ன வினையால் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெயர்ச்சொற்கள் வேண்டாம், அவை நம்மிடம் நிறைய இருக்கின்றன.