ஒற்றைப் பாதையும் பகிர்ந்த நினைவகமும்: உடன்நிகழ் நிரல்களின் சரித்தன்மை

செங்கல்பட்டிலிருந்து வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதை நெடுங்காலம் ஒற்றைப் பாதையாகவே இயங்கிவந்தது. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் இரு நிலையங்களுக்கு இடையிலான ஒரே துண்டில் நுழையக் கூடாது என்பதும், காத்திருக்கும் வண்டி என்றேனும் நுழைந்தாக வேண்டும் என்பதும் இத்தகைய பாதையின் இருவேறு தேவைகளாகும். ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு ஒரே காலத்தில் இயங்கும் நிரல்களுக்கும் இவ்விரண்டும் வேண்டும். தீயது நேராதிருப்பதைப் பாதுகாப்புப் பண்பு எனவும், நல்லது முடிவில் நேர்வதை முன்னேற்றப் பண்பு எனவும் லெஸ்லி லாம்போர்ட் 1977இல் பிரித்துக் காட்டினார். பாடநூல்கள் முதலாவதிலேயே அதிகம் நின்றுவிடுவதால், பகிர்ந்த தரவை ஒரு நேரத்தில் ஒரு செயல் மட்டுமே தொடும்படி பூட்டுப் போட்டால் நிரல் சரியாகிவிடும் என்ற எண்ணம் நிரலாளரிடையே வேரூன்றியிருக்கிறது. அது பாதி உண்மையே.

பார்ப்பதற்கும் செய்வதற்கும் இடையிலுள்ள இடைவெளியிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. எஞ்சிய ஒரே படுக்கையைச் செங்கல்பட்டு முன்பதிவுக் கவுன்டரும் காஞ்சிபுரம் கவுன்டரும் ஒரே கணத்தில் ‘காலி’ என்று படித்தால், இரண்டுமே அதை விற்றுவிடும். விளைவு செயல்களின் வரிசையைப் பொறுத்து மாறும் இந்நிலை பந்தய நிலை எனப்படும். சோதித்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது வீண் நம்பிக்கை: பத்துப் பத்துப் படிகள் கொண்ட இரண்டே செயல்கள் 1,84,756 விதங்களில் ஒன்றோடொன்று ஊடாடக்கூடும்.

பார்த்தலையும் எடுத்தலையும் பகுக்க முடியாத ஒரே நிகழ்வாக்குவதே தீர்வு. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965இல் முறைப்படுத்திய இச்சிக்கலுக்கு, இந்திய இரயில்வே ஒற்றைப் பாதைகளில் கையாண்ட நீல் பந்து டோக்கன் கருவி இரும்பாலான ஒரு விடையாக இருந்தது. துண்டின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. எதிர்முனை நிலையத்தார் மின்னோட்டம் தந்தால்தான் இங்கே கைப்பிடி திரும்பிப் பந்து விழும். விழுந்த பந்து ஏதேனும் ஒரு கருவிக்குள் திரும்பப் போடப்படும்வரை இருபுறமும் அடுத்த பந்து வெளிவராது. வளையத்தோடு கூடிய பையில் அப்பந்தைப் பெற்ற பின்னரே ஓட்டுநர் துண்டுக்குள் வண்டியைச் செலுத்துவார். அடுத்தடுத்த துண்டுகளின் பந்துகள் வெவ்வேறு அமைப்பில் வார்க்கப்பட்டதால், ஒரு துண்டின் பந்து மறு துண்டின் கருவிக்குள் நுழையாது. நிரல்மொழிகள் பலவற்றில் இந்தக் கடைசி ஏற்பாடு இல்லை என்பது கவனிக்கத்தக்கது: எந்தப் பூட்டு எந்தத் தரவைக் காக்கிறது என்பது நிரலாளரின் நினைவிலோ குறிப்புரையிலோதான் இருக்கிறது, பூட்டை எடுக்காமலே தரவைத் தொடும் ஒரு வரி போதும், மற்ற எல்லா வரிகளின் ஒழுங்கும் பயனற்றுப்போகும்.

இவ்வளவு கட்டுக்கோப்பான கருவியும் முன்னேற்றத்துக்கு உறுதி தருவதில்லை. ஒரே திசையில் வண்டிகள் மிகுதியாக ஓடினால் பந்துகள் ஒரு முனையில் குவிந்து மறுமுனை காலியாகிவிடும். அப்போது சிக்னல் பராமரிப்பாளர் உரிய பதிவுடன் பந்துகளைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. விபத்து எதுவும் நேரவில்லை, ஆனாலும் வண்டி நகரவில்லை. படிப்போர் இடைவிடாது வந்துகொண்டேயிருப்பதால் எழுதுவோருக்கு முறையே வாய்க்காத பூட்டுகளிலும் இதே நிலை உண்டு. இது பட்டினி எனப்படுகிறது.

முடக்கம் இதைவிடக் கடுமையானது. இரண்டே தடங்கள் கொண்ட ஒரு கிராஸிங் நிலையத்தில் இரு தடங்களிலும் கிழக்கு நோக்கிய வண்டிகள் நிற்க, கிழக்குத் துண்டின் டோக்கனோடு எதிர்வண்டி ஒன்று வெளிச் சிக்னல்வரை வந்துவிட்டதாகக் கொள்ளலாம். வந்த வண்டிக்குத் தடம் வேண்டும். நிற்கும் வண்டிகளுக்குத் துண்டு வேண்டும். கையிலிருப்பதை எவரும் விடுவதாயில்லை. எவரும் விதியை மீறவில்லை என்பதே இதிலுள்ள விந்தை. இருப்புப்பாதையில் பிரிவு முழுவதையும் ஒரே வரைபடத்தில் காணும் கட்டுப்பாட்டாளர் இதை முன்னறிந்து ஒரு வண்டியைப் பின்னாலேயே நிறுத்திவைக்கிறார். பெரும்பாலான நிரல்களில் அப்படி முழுமையும் காணும் கண் இல்லாததால், பூட்டுகளுக்கு நிலையான வரிசை வகுத்து, எல்லாச் செயல்களும் அவ்வரிசையிலேயே எடுக்க வேண்டுமென்ற விதி பின்பற்றப்படுகிறது. வட்டமாகக் காத்திருத்தல் இதனால் அறுபடுகிறது. தேவைப்படும் முன்பே ஒரு பூட்டைப் பிடித்துவைத்துப் பிறரைக் காக்கவைக்கும் தாமதம் அதற்குரிய விலையாகிறது.